அண்ணியின் மூன்று ஆய்வேடுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவள் நான். பதினாறு வருஷமாக ஆய்வேடுகளைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்துக் கொடுக்கிறேன். அதில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படித்திருந்தால் என் அண்ணி அன்றைக்கு நாலு பேர் முன்னால் முகத்தில் ஈயாடாமல் நின்றிருக்க வேண்டியதில்லை.

நாத்தனார், அண்ணி என்றாலே ஊர் ஒரு சண்டையை எதிர்பார்க்கும். நான் என்னவோ கல்யாணமாகி அவள் வந்த நாளிலிருந்து வரிந்து கட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தேன். அண்ணிதான் ஒத்துழைக்கவில்லை. எதைச் சொன்னாலும் "சரி, உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே பண்ணிடலாம்" என்று சிரித்துவிடுவாள். எத்தனை நாள்தான் ஒருத்தி சுவரோடு சண்டை போடுவது? நானும் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எங்களைப் பிரிக்க யாராலும் முடியவில்லை.

அவளுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில், டோக்கன் கொடுக்கும் இடத்தில். இருபது வருஷமாக அதே கண்ணாடி, அதில் அதே வட்ட ஓட்டை. அந்த ஓட்டை உட்கார்ந்திருப்பவளின் நெற்றிக்கு நேராக இருப்பதால், வருகிறவர்கள் குனிந்து பேச வேண்டும், அண்ணி எம்பிக் கேட்க வேண்டும். கண்ணுக்குப் பச்சைச் சீட்டு, பல்லுக்கு வெள்ளை, எலும்புக்கு மஞ்சள். ஒரு நாளைக்கு அறுநூறு பேர், முறை வந்ததும் எண்ணை மைக்கில் கூப்பிடுவதும் அவள்தான். எல்லோருக்கும் அவள் "டோக்கன் அக்கா". எண்பது வயதுக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

படிப்பு ஆசை வந்தது என் கடை காகிதத்தால். எதிரே இருக்கும் கல்லூரி மாலை வகுப்புக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தது. மீந்துபோன நோட்டீஸ் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன், பின்பக்கம் எழுத உதவும் என்று. அண்ணி பின்பக்கம் எழுத உட்கார்ந்தவள் முன்பக்கத்தைப் படித்துவிட்டாள். வரலாறு, தத்துவம், இலக்கியம் மூன்றையும் தனித்தனியாக இல்லாமல் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பு, வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்தது.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்றான் அண்ணன். அவன் எலக்ட்ரீஷியன். எதைப் பார்த்தாலும் இது எதில் போய்ச் சேருகிறது என்று கேட்பான்.

"வேலை இருக்கே எனக்கு. ஒரு நாளைக்கு அறுநூறு பேரைப் பார்க்கிறேன். ஒருத்தரையும் புரிஞ்சுக்க முடியல. அதுக்குத்தான்" என்றாள் அண்ணி.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வகுப்பு நாட்களில் அண்ணன் சமைக்கக் கற்றுக்கொண்டான். முதல் மாதம் நாங்கள் எல்லோரும் இளைத்தோம். நாலு வருஷப் படிப்பு அவளுக்கு ஆறு வருஷம் ஆனது. நடுவில் இரவுப் பணி, பெண்ணின் பள்ளிப் படிப்பு, அண்ணனுக்குக் கால் முறிவு என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஆறு வருஷத்துக்கு மேல் கல்லூரி விதி இடம் கொடுக்காது. போதாக்குறைக்கு மாலை வகுப்பையே அந்த வருஷத்தோடு மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். எல்லாத் தேர்வும் தேறியாகிவிட்டது, பாக்கி இருந்தது இறுதி ஆய்வேடு மட்டும். அது ஏற்கப்பட்டால் பட்டம். இல்லையென்றால் ஆறு வருஷமும் போனதுதான், மறு வாய்ப்பு கிடையாது.

ஆய்வேட்டின் தலைப்பு "வரிசை". மனிதர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். எனக்குச் சிரிப்பு வந்தது. "வேற வழியில்லாமதான் அண்ணி நிற்கிறாங்க, இதுக்கு நூறு பக்கமா?" என்று கேட்டேன். "அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டாள்.

இந்தப் படிப்பில் ஒரு வழக்கம். ஓர் ஆய்வேட்டுக்கு மூன்று வழிகாட்டிகள், துறைக்கு ஒருவர். மூன்று பேரின் அறையும் ஒரே தாழ்வாரத்தில்தான். ஆனால் ஒரு இரும்பு அலமாரி யார் அறைக்குச் சொந்தம் என்பதில் ஏதோ ஒரு காலத்தில் தகராறாகி, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை. அலமாரி இன்றைக்கும் தாழ்வாரத்தின் நடுவில் அநாதையாக நிற்கிறது. எல்லாத் துறையையும் இணைப்பதற்கென்றே ஏற்பட்ட படிப்பு, அதை நடத்துகிறவர்கள் இந்த லட்சணம்.

ஆக, அண்ணி திங்கட்கிழமை வரலாற்று சாரிடம் போவாள். "தேதி இல்லாத வாக்கியம் எனக்கு வேண்டாம்மா. இந்தக் கதையெல்லாம் எடுத்துடுங்க" என்பார். புதன்கிழமை தத்துவ மேடம். "தேதி எதுக்கு? வரிசை நியாயமானதா இல்லையா, அதுதான் கேள்வி. மத்ததெல்லாம் குப்பை" என்பார். வெள்ளிக்கிழமை இலக்கிய சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நியாயம் கிடக்கட்டும், மனுஷன் எங்கேம்மா? கால் வலிக்க நிற்கிறவன் எங்கே?" என்பார்.

ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய வாரம் அண்ணி என் கடைக்கு வந்து மூன்று கோப்புகளைக் கொடுத்தாள். "வ" என்று ஒன்று, "த" என்று ஒன்று, "இ" என்று ஒன்று.

"வ-ல ரெண்டு போடு, வெளியூர்லேர்ந்து வர்ற தேர்வாளருக்கும் சேர்த்து. மத்ததுல ஒவ்வொண்ணு" என்றாள்.

முதல் பக்கத்தில் வழிகாட்டியின் பெயர் மாறும் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அட்டை போடும்போது ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிசாகவும் இருந்தது. காகிதக் கட்டில் ஏதோ கோளாறு என்று காகிதம் விற்ற கடைக்காரரைத் திட்டினேன். கருநீல ரெக்சின், தங்க எழுத்து, நாலும் அச்சாக ஒரே மாதிரி. என் வேலையில் நான் குறை வைக்கவில்லை, அட்டையைப் பொறுத்தவரை.

நேர்முகத் தேர்வு காலை பதினொரு மணிக்கு. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் கடையைச் சாத்திவிட்டு நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று வழிகாட்டிகளும் நடுவில் ஒவ்வொரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளித் தேர்வாளர் வயதான அம்மாள், கனத்த கண்ணாடி. அவர்தான் ஆரம்பித்தார்.

"ரெண்டாம் அத்தியாயத்துல ஒரு பெரியவர் வர்றாரே. காலையில முதல் ஆளா வந்து டோக்கன் வாங்குறார். அப்புறம் பின்னாடி வர்றவங்களை எல்லாம் முன்னாடி அனுப்பிட்டு மதியம் வரைக்கும் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கார். இது அவர் தலைமுறையோட பழக்கம்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் விளக்குங்க."

அண்ணி வாய் திறப்பதற்குள் தத்துவ மேடம் நிமிர்ந்தார். "பழக்கமா? தியாகம்னுதானே எழுதியிருக்கு?"

"தியாகமுமில்ல, பழக்கமுமில்ல" என்றார் இலக்கிய சார். "வீட்ல பேச ஆளில்லாத மனுஷன். கூட்டத்துல இருக்கணும்னு உட்கார்ந்திருக்கார். அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் சரியா சாப்பிடல."

"எந்தப் பக்கம்?" என்றார் வரலாற்று சார்.

"அறுபத்திரண்டு."

"அறுபத்திரண்டுல மருத்துவமனை கட்டினதோட பட்டியல்தானே இருக்கு!"

பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். புத்தகங்கள் கை மாறின. பக்கங்கள் புரண்டன. காகிதக் கோளாறு இல்லையடி பாவி, என்று எனக்கு நானே தலையில் அடித்துக்கொண்டேன்.

"இது என்னம்மா?" என்றார் வெளித் தேர்வாளர்.

அண்ணி எழுந்து நின்றாள். "ஆஸ்பத்திரில கண் டாக்டர்கிட்ட பல் சீட்டைக் கொடுத்தா திட்டுவாங்க மேடம். யார் யாருக்கு என்ன சீட்டோ அதைக் கொடுத்துப் பழகிட்டேன். சார் கேட்டதை சாருக்குக் கொடுத்தேன், மேடம் கேட்டதை மேடத்துக்கு. ஒவ்வொருத்தரும் மத்தவங்களோடதை எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன். தப்புன்னு தோணவே இல்ல."

"இது மோசடி" என்றார் வரலாற்று சார்.

"நீங்க மூணு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிச்சிருந்தா இந்த மோசடி நடந்திருக்காது" என்றார் அந்த அம்மாள். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் அடுத்து அண்ணி பக்கம் திரும்பியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. "சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. ஒருத்தருக்கு ஓர் ஆய்வேடுதான். நாலு மணிக்கு அலுவலகம் மூடிடும், அதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாகணும். இந்த மூணுல உங்களோடது எது?"

அண்ணி மூன்றையும் பார்த்தாள். இருபது வருஷமாக மைக்கில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது, சத்தமே வரவில்லை.

"சரி. மூணு மணி வரைக்கும் டைம். எது உங்களோடதோ அதைக் கொண்டு வாங்க. கொண்டு வரலேன்னா நிராகரிக்கிறதைத் தவிர எனக்கு வழியில்ல."

மேஜையிலிருந்த நாலு பிரதிகளையும் அள்ளிக்கொண்டு, நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். நாலு ஆய்வேடுகளில் மூன்றை வெட்டும் இயந்திரத்தில் வைத்து, சக்கரத்தைச் சுற்றி, முதுகை ஒரே வெட்டாக வெட்டினேன். போன வாரம் நானே ஒட்டியது. ரெக்சின் தனியாக வந்தபோது மனசு பகீரென்றது, பரவாயில்லை. முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் தரையில் பரப்பினோம்.

"ரொம்ப யோசிக்காதீங்க அண்ணி. இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம், கலந்து கட்டிடலாம். ஒட்டுறது என் பொறுப்பு" என்றேன்.

வழக்கம்போல "சரி, உனக்கு எப்படித் தோணுதோ" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மண்டியிட்டு ஒவ்வொரு பக்கமாக எடுத்து அடுக்கினாள். வேறு வழியில்லாமல் நானும் படித்தேன். பதினாறு வருஷத்தில் நான் படித்த முதல் ஆய்வேடு. நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைக்கு முதன்முதலில் பெஞ்சு வந்த வருஷத்துக்குப் பக்கத்தில், பெஞ்சு இருந்தும் நிற்கிறவளின் முதுகுவலி வந்து உட்கார்ந்தது. வரிசையில் எல்லோரும் சமம் என்று மேடத்துக்கு எழுதியதற்குக் கீழே, பாதி நாள் கூலியை விட்டுவிட்டு நிற்கிறவனும் காரில் வந்து இறங்குகிறவனும் சமமாகவா காத்திருக்கிறார்கள் என்ற கேள்வி இலக்கிய சாருக்கு எழுதியதிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தனித்தனியாகச் செத்துக் கிடந்தவை, சேர்த்து வைத்ததும் ஒன்றோடொன்று வாயடிக்க ஆரம்பித்தன.

பெரியவர் விஷயத்தில்தான் முட்டுக்கட்டை. மூன்று பக்கங்கள், மூன்று காரணங்கள். அண்ணி அவற்றை வரிசையாக வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எது நிஜம்?" என்றேன்.

"மூணும் இல்ல. அவர்கிட்டயே ஒரு நாள் கேட்டேன். அந்த பெஞ்சுக்கு மேல ஃபேன் இருக்கு. அவர் வீட்டு ஃபேன் ரிப்பேராம்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். மூன்று மணிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, தரை முழுக்கக் காகிதம், இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம்.

"அதை ஏன் அண்ணி எழுதல?"

"எந்த சார்கிட்ட கொண்டு போறது? ஃபேன் எந்தத் துறைலயும் வராதே!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கையாலேயே எழுத ஆரம்பித்தாள். நான் மூன்று பக்கங்களையும் ஓரமாக வைத்தேன். அவள் எழுதி முடிக்கும் வரை பசை பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். பசை காய நேரமில்லை. துளை போட்டுக் கயிறு கட்டினேன். அட்டைகூட இல்லை. என் கடையிலிருந்து போன ஆய்வேடுகளிலேயே அவலட்சணமானது அதுதான்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் உள்ளே நுழைந்தோம். அண்ணி கயிறு கட்டிய காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தாள். "இது என்னோடது" என்றாள். மைக் இல்லாமலேயே கடைசி பெஞ்சு வரை கேட்டது.

வெளித் தேர்வாளர் புரட்டினார். கையால் எழுதிய பக்கத்தில் நின்றார். "இதை நீங்களே படிங்க" என்றார்.

அண்ணி படித்தாள். பெரியவர் சொன்ன மின்விசிறிக் காரணத்தை முதலில் சொன்னாள். இலக்கிய சாரின் முகம் தொங்கிப்போனது, பாவம், இரண்டு நாள் பட்டினி வீண். அண்ணி மேலே படித்தாள். பிறகு ஒரு நாள் மின்சாரம் போய் அந்த மின்விசிறி நின்றுவிட்டது. அன்றைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் எண்ணைக் கூப்பிட்டபோது, "அந்தக் கைக்குழந்தைக்காரியை அனுப்பும்மா, எனக்கு என்ன அவசரம்" என்றார். "அவர் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. பழக்கமும் இருக்கலாம், தியாகமும் இருக்கலாம், தனிமையும் இருக்கலாம், காற்றும் இருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் இருபது வருஷம் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். மனிதர்களுக்கு ஒரு காரியத்துக்குப் பல காரணங்கள் இருக்கும். கேட்டால், இருப்பதிலேயே சின்னக் காரணத்தைச் சொல்வார்கள்."

அண்ணி தாளைக் கீழே வைத்தாள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "இதுக்கு ஆதாரம் என்ன?" என்றார் வரலாற்று சார். "ஆதாரம் அவங்க கண்ணால பார்த்தது சார், உங்க ஆவணக் காப்பகம் அன்னிக்கு அங்க இருந்துச்சா?" என்றார் தத்துவ மேடம். இலக்கிய சார் இரண்டு பேரையும் அடக்கப் பார்த்தார். அண்ணி நடுவில் புகுந்து, ஆறு வருஷமாக நான் பார்த்தே இராத சுறுசுறுப்போடு, மூன்று பேரிடமும் மல்லுக்கு நின்றாள். "இல்ல சார், அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாணமாகி வந்த இருபத்தேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. வரலாற்று சார் அசந்துபோய், "சரி, சரி, அது உங்க கருத்து" என்று பின்வாங்கினார்.

ஏற்புத் தாளில் நாலு பேரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். பேனா ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதனால் மூன்று வழிகாட்டிகளும் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வர வேண்டியதாயிற்று. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அலுவலகத்தில் முத்திரை விழுந்தது. நான் அங்கேயே, அந்த எழுத்தருக்கு முன்னாலேயே, அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் போனிலேயே கத்தினான். "இன்னிக்கு நான் லீவு சொல்லிட்டு வரேன். அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். பூங்காவுக்குப் போய் அமைதியா உட்காரலாம்."

நான் அவனை அதட்டினேன். "பூங்காவாம் பூங்கா. அவங்களுக்குப் பிடிச்சது குடும்பப் படம். என்கூட எத்தனை பார்த்திருக்காங்க, எனக்குத் தெரியாதா?"

அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "எனக்குச் சண்டைப் படம் போகணும்" என்றாள்.

அந்தப் பக்கம் அண்ணன் "என்னது?" என்று கத்தினான். நான் அவளைக் கேட்டேன். "அண்ணி, அப்போ என்கூட வந்து அந்த அழுகைப் படத்துக்கெல்லாம் என்னைவிட அதிகமா அழுதீங்களே?"

"நீ அழுதியே, அதான்" என்றாள்.

மேஜைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் 'உங்களோடது எது?' என்று கேட்ட கேள்வியை நான் ஒரு நாளும் இவளிடம் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை. அவனுக்கு ஒரு அமைதியான மனைவி, எனக்கு ஒரு அழுமூஞ்சி அண்ணி, ஆளுக்கொரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறோம். நடுத்தெருவில் நின்று மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். படம் ஆறு மணிக்கு. முதலில் டிக்கெட் எடுத்தேன்.

அண்ணன் வேலைச் சட்டையோடு ஓடி வந்து சேர்ந்தான். அண்ணியை நடுவில் உட்கார வைத்தோம். கதாநாயகன் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும், நாற்பத்தேழு வயது அண்ணி சீட்டின் நுனிக்கு வந்து, இரண்டு விரலை வாயில் வைத்து, அரங்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு விசில் அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.